காக்கிச் சட்டைதான்... ஆனா போலீஸ் இல்லை! சிறைக் காவலர் வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

ஆலங்காயத்திலிருந்து காவலூர் பக்கமாக மலை ஏறுகிற ஊர்களில் 'ஜெயில்' என்ற வார்த்தையை யாருக்கும் புதுசாக விளக்க வேண்டியதில்லை. செம்மரம் வெட்டப் போனதாக ஆந்திராவில் பிடிபட்டு, கடப்பா, நெல்லூர், ராஜமுந்திரி என்று மொழி தெரியாத ஊர்ச் சிறைகளில் கிடந்து திரும்பியவர்கள் ஜவ்வாது மலையில் நிறைய பேர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் இறந்த 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு.

அதே மலையடிவாரத்தில்தான் காலையில் இருட்டோடு எழுந்து 1,500 மீட்டர் ஓடிப் பழகுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இலக்கு, சீருடைப் பணியாளர் தேர்வு. அந்த அறிவிப்பில் மூன்று வேலைகள் ஒன்றாக வரும்: இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலை சிறைக் காவலர், தீயணைப்பாளர். முதலாவதும் மூன்றாவதும் எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருக்கிறதே, அதைப் பற்றிக் கேட்டால், "ஜெயில்ல நிக்கணும், அவ்வளவுதானே?" என்பார்கள்.

அவ்வளவுதானா? பார்ப்போம்.

போலீஸுக்கும் சிறைக் காவலருக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு துறையும் உள்துறையின் கீழ்தான் வருகின்றன. சீருடையும் காக்கிதான். ஆனால் சிறைக் காவலர் யாரையும் தேடிப் போய்க் கைது செய்ய மாட்டார், வழக்கு விசாரிக்க மாட்டார், குற்றப்பத்திரிகை எழுத மாட்டார். அவர் வேலை செய்வது 'சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை'யில். பெயரிலேயே 'சீர்திருத்தம்' இருப்பதைக் கவனியுங்கள். துறையின் காகிதங்களில் இப்போது 'கைதி' என்று எழுதுவதில்லை, 'சிறைவாசி' என்றுதான் எழுதுகிறார்கள். வாய்ப்பேச்சில் அந்த மாற்றம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பது வேறு கதை.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோர்ட்டுக்கு வேனில் கைதியை அழைத்து வருகிறார்களே, துப்பாக்கியோடு இரண்டு பக்கமும் உட்கார்ந்து? அவர்கள் பெரும்பாலும் ஆயுதப்படை போலீசார். சிறைக் காவலரின் எல்லை வழக்கமாகச் சிறை வாசலோடு முடிந்துவிடும். வழிக்காவலுக்கு போலீஸ் வராவிட்டால் கைதி கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக முடியாது. அந்தக் கோபத்தை அவர் காட்டுவது யாரிடம்? எதிரில் நிற்கிற சிறைக் காவலரிடம்தான்.

'ஜெயிலர்' என்பது வேறு பதவி. ரஜினி படம் வந்த பிறகு சிறையில் வேலை பார்க்கிற எல்லோரையும் ஜெயிலர் என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. வரிசை இப்படி: இரண்டாம் நிலை சிறைக் காவலர், முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர். அதற்கு மேல் உதவி சிறை அலுவலர், துணை சிறை அலுவலர், சிறை அலுவலர். இந்தச் 'சிறை அலுவலர்'தான் ஜெயிலர். அவருக்கும் மேலே கூடுதல் கண்காணிப்பாளர், கண்காணிப்பாளர், டிஐஜி. உதவி சிறை அலுவலர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி நேரடியாகவும் ஆள் எடுக்கும். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும்.

யார் விண்ணப்பிக்கலாம்?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் 2025-ல் மொத்தம் 3,644 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அதில் சிறைக் காவலர் இடங்கள் 180. அதற்கு முன் 2023-ல் வந்த அறிவிப்பில் 3,359 இடங்களில் வெறும் 86. அதாவது கதவு திறக்கும், ஆனால் கொஞ்சமாகத்தான் திறக்கும்.

10-ஆம் வகுப்பு தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28 வரை, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 31 வரை. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடி என்றால் 167. பெண்களுக்கு 159, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 157. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ் தகுதித் தேர்வு, 80 கேள்விகள். இதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்த அடுத்த தாளுக்கு 70 மதிப்பெண்: 45 பொது அறிவு, 25 உளவியல். பயிற்சி மையங்களில் இந்த 25-ஐ 'புதிர்க் கணக்கு' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு உயரம், வயது இரண்டிலும் சலுகை இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஒதுக்கீடு 1 சதவீதம். 180 இடத்தில் 1 சதவீதம் என்றால் இரண்டு இடம்கூட முழுசாக வராது. பொதுப் பிரிவிலும் போட்டி போடலாம் என்பது உண்மை. ஆனாலும் சாதிச் சான்றிதழைக் கையில் வைத்திருக்காமல் இந்தப் போட்டியில் இறங்குவது வீண். அறிவிப்பு வந்த பிறகு ஆர்டிஓ ஆபீசுக்கு ஓடாதீர்கள், இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம்? அடிப்படை 18,200 ரூபாயில் தொடங்குகிறது. அந்த ஊதிய நிலையின் உச்சம் 67,100. இதோடு அகவிலைப்படி சேரும். 2025 ஜனவரி நிலவரப்படி 55 சதவீதம் என்று வைத்தால் 10,010 ரூபாய். ஆக 28 ஆயிரத்துச் சொச்சம், வீட்டு வாடகைப்படி தனி.

ஒரு நாள் எப்படிப் போகும்?

சிறையில் எல்லாமே எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையில் முடிகிறது. விடிந்ததும் அறைகளைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே எத்தனை தலை என்று எண்ண வேண்டும். நேற்றைய கணக்கோடு அது பொருந்த வேண்டும். ராத்திரி யாராவது ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கழிக்க வேண்டும். புதுசாக யாராவது வந்திருந்தால் கூட்ட வேண்டும். கணக்கு சேர்ந்த பிறகுதான் பூட்டு திறக்கும். சாயங்காலம் அடைக்கும்போதும் இதே கதைதான். ஓர் ஆள் குறைந்தாலும் மொத்தச் சிறையும் அப்படியே நிற்கும். டியூட்டி முடிந்த காவலரும் வீட்டுக்குப் போக முடியாது. பெரும்பாலான நாட்களில் காணாமல் போனவர் எங்கும் போயிருக்க மாட்டார். வேறு தொகுதியில் பேசிக்கொண்டு நிற்பார், இல்லையென்றால் கழிப்பறையில் இருப்பார். ஆனால் அதை யாரும் நம்பி உட்கார முடியாதே.

நடுவில் இருக்கிற நேரம்தான் உண்மையான வேலை. காலைச் சாப்பாடு வரிசையில் சண்டை வராமல் பார்க்க வேண்டும். தொழிற்கூடத்துக்குப் போகிறவர்களைக் கணக்கெடுத்து அனுப்ப வேண்டும். வேலூர் மத்திய சிறையில் போலீசாருக்கான ஷூ தைக்கிறார்கள். அங்கே கத்தி, ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் கருவிகள். காலையில் கொடுத்த கருவி ஒவ்வொன்றும் மாலையில் திரும்பி வந்ததா என்று பார்ப்பதும் காவலர் வேலைதான்.

பிறகு 'மனு'. சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதை இங்கே சிறைப் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள்: "இன்னைக்கு எனக்கு மனு வந்திருக்கு." மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, வாணியம்பாடியில் மாறி, வேலூரில் இறங்கி, தொரப்பாடி வந்து சேர்ந்த அம்மாவுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டிய ஆள் சிறைக் காவலர். அதை எப்படிச் சொல்கிறார் என்பதை அந்தக் குடும்பம் வருஷக்கணக்கில் நினைவு வைத்திருக்கும்.

வாசலில் இரண்டு கதவு. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. யாராக இருந்தாலும், அதிகாரியாக இருந்தாலும், பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே. புதிதாக வருகிறவரிடம் வாரண்ட் இருக்கிறதா, பெயர் சரியா, உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். போலீஸ் ஸ்டேஷனில் அடி வாங்கி வந்த ஒருவரின் காயத்தை வாசலில் பதிவு செய்யாமல் விட்டால், நாளைக்கு அது சிறையில் ஏற்பட்ட காயமாகிவிடும். பதிவு செய்தால், அடித்தது யார் என்ற கேள்வி போலீஸ் பக்கம் திரும்பும். ஒரே ஒரு வரி எழுதுவதுதான், ஆனால் எழுதுகிற காவலருக்கு அது சின்ன வரி இல்லை.

ராத்திரிதான் கஷ்டம் என்று தோன்றுகிறது. அறைகள் பூட்டியிருக்கும், சாவி காவலர் இடுப்பில் இருக்காது. அவர் வராந்தாவில் நடந்து நடந்து கம்பிக்குள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் முறையாக உள்ளே வந்தவருக்கு முதல் சில இரவுகள் ஆபத்தானவை. பேசாமல் சுவர் பார்த்து உட்கார்ந்திருக்கும் 20 வயசுப் பையனைக் கவனிக்கத் தெரிந்தவர்தான் நல்ல காவலர். நல அலுவலரும் மனவியல் நிபுணரும் பகலில் வருவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே நிற்பது இவர் மட்டும்தான்.

6 பேருக்கு 1 காவலர்: கணக்கு எங்கே உதைக்கிறது?

2016-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி சிறைக் கையேடு, 6 சிறைவாசிகளுக்கு ஒரு காவலர் என்று சொல்கிறது. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஒரு சிறையில் 900 பேர் என்று வைத்துக்கொள்வோம். 150 காவலர்கள் வேண்டும். 8 மணி நேரம் வீதம் மூன்று ஷிப்ட் போட்டால் ஒரு நேரத்துக்கு 50 பேர். வார ஓய்வு, விடுப்பு, பயிற்சி என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 40. வாசல், கண்காணிப்புக் கோபுரம், மனு அறை, சமையல்கூடம், சிறை மருத்துவமனை, அலுவலகம் என்று பிரித்துக் கொடுத்த பிறகு, தொகுதிகளுக்குள் நிற்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? இதுவும் எல்லா இடமும் நிரம்பியிருந்தால் வருகிற கணக்கு. காலியிடம் இருந்தால் 8 மணி நேரம் 12 ஆகும், வார ஓய்வு 'அப்புறம் பார்க்கலாம்' ஆகும்.

நாடு முழுக்க 2022 இறுதியில் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. அதாவது 131 சதவீதத்துக்கு மேல். அதில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். தமிழ்நாட்டை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் இவ்வளவு நெரிசல் இல்லை, கொள்ளளவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் காவலர் பற்றாக்குறைப் பிரச்னைக்கு இங்கே வேறு ஒரு காரணமும் கோர்ட் வரை போனது. புழல் சிறையில் பணியில் இருக்க வேண்டிய காவலர்கள் அதிகாரிகள் வீட்டு வேலைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்ற புகார், 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இதை விசாரிக்கும்படி உள்துறைச் செயலருக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. 'ஆர்டர்லி' முறையை ஒழித்து அரசாணை போட்டது 1979-ல் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

வேலூர் சிறையில் என்ன நடந்தது?

நம் பகுதிக்கு மத்திய சிறை என்றால் வேலூர் தொரப்பாடிதான். தமிழ்நாட்டின் 9 மத்திய சிறைகளில் ஒன்று. பழைய கட்டிடம், பழைய பெயர். 1921 டிசம்பரில் உள்ளே போன ராஜாஜி மூன்று மாதம் இருந்து, அங்கேயே டைரி எழுதினார். ஏ.கே. கோபாலன் 1941-ல் இதே சிறையின் சுவரில் ஓட்டை போட்டுத் தப்பினார். பக்கத்திலேயே பெண்கள் தனிச்சிறை. ராஜீவ் கொலை வழக்கில் நளினி பல ஆண்டுகள் இருந்தது அங்கேதான். அதே தொரப்பாடியில் சிறை அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. 1979-ல் தொடங்கியது. கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்தெல்லாம் சிறை அதிகாரிகள் பயிற்சிக்கு வருகிறார்கள்.

பயிற்சி நிறுவனம் இருக்கிற அதே ஊரில்தான் 2024-ல் அந்த வழக்கு வெடித்தது. வேலூர் மத்திய சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்து வந்த கிருஷ்ணகிரி மாவட்டக்காரர் ஒருவரை, சிறைத்துறை டிஐஜியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தினார்கள் என்பது புகார். அங்கிருந்து நாலரை லட்சம் ரூபாய் திருடியதாகச் சொல்லி அவரை அடித்துச் சித்திரவதை செய்தார்கள், தனிச் சிறையில் அடைத்தார்கள் என்று அவருடைய அம்மா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், வி. சிவஞானம் அமர்வு, வேலூர் தலைமை குற்றவியல் நடுவரை நேரில் போய் விசாரிக்கச் சொன்னது. அந்த அறிக்கைக்குப் பிறகு சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவு. டிஐஜி, கூடுதல் கண்காணிப்பாளர், சிறை அலுவலர் உட்பட 14 பேர் மீது 2024 செப்டம்பரில் வழக்கு பதிவானது. அடுத்து பணியிடை நீக்கமும் வந்தது.

வழக்கு பதிவானதாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது, அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். நமக்கு இங்கே முக்கியம், அந்தப் 14 பேர் பட்டியல் டிஐஜியோடு நிற்கவில்லை என்பது. கீழ்நிலைக் காவலர்களும் அதில் இருக்கிறார்கள்.

மேலதிகாரி சொன்னால் செய்தாக வேண்டியதுதானே? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 'மேலிடத்து உத்தரவு' என்பது சட்டவிரோதமான செயலுக்குக் கவசம் ஆகாது. கைதியை அடிக்கச் சொல்லும் உத்தரவு உத்தரவே இல்லை. சிறைக்குள் ஒழுங்கை மீறுகிறவருக்குக் கொடுக்கக்கூடிய தண்டனைகள் விதிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கொடுக்கும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு, விசாரித்து, பதிவேட்டில் எழுதிய பிறகு. காவலருக்குக் கைநீட்டும் அதிகாரம், கலவரத்தையோ தப்பிக்கும் முயற்சியையோ தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும்தான்.

சொல்வது சுலபம். இரண்டு வருஷம் சர்வீஸ் உள்ள ஒரு இளம் காவலர், டிஐஜி பெயரைச் சொல்லி வருகிற வேலையை 'முடியாது' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவருடைய டியூட்டி சார்ட் எப்படி இருக்கும், டிரான்ஸ்பர் எங்கே வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுத்தில் கேட்பது ஒரு வழி: "எழுதிக் கொடுங்க சார்." சட்டவிரோத உத்தரவை யாரும் எழுதித் தர மாட்டார்கள். நாளைக் குறிப்பேட்டில் யாரை, எத்தனை மணிக்கு, யார் சொல்லி வெளியே அனுப்பினோம் என்று பதிவது இன்னொரு வழி. வேலை போகாமல் காப்பாற்றும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் விசாரணை வரும்போது, எழுதியிருக்கிற வரிக்குத்தான் மதிப்பு.

செல்போன், கஞ்சா... உள்ளே எப்படிப் போகிறது?

சுவருக்கு வெளியே இருந்து பந்து மாதிரி சுருட்டி எறிவது ஒரு வழி. மனு பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவது இன்னொன்று. காவலர்களே கொண்டுபோய் மாட்டிக்கொண்ட செய்திகளையும் நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு பீடிக்கட்டில்தான் தொடங்கும் என்பார்கள். வெளியே மலிவாகக் கிடைக்கிற பொருளுக்கு உள்ளே பல மடங்கு விலை. சிறையில் இருக்கிற பெரிய ஆட்கள் காவலரின் கஷ்டத்தைக் கவனித்து வைத்திருப்பார்கள். தங்கச்சிக் கல்யாணம், வீட்டுக் கடன், அப்பா ஆஸ்பத்திரி. வெளியில் இருக்கும் ஒருவர் வந்து உதவுவார். அடுத்த மாதம் ஒரு சிம் கார்டு மட்டும் கேட்பார். அதற்கு அடுத்த மாதம் கேட்கவே மாட்டார், சொல்லுவார்.

1894 சிறைகள் சட்டம் இன்னும் அடிப்படையாக இருக்கிறது. தடை செய்த பொருளை உள்ளே கொண்டுபோனால் 6 மாதம் வரை சிறை என்று அந்தச் சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. அபராதம் 200 ரூபாய். ஆம், வெள்ளைக்காரன் எழுதிய அதே 200. கைதியோடு சிறை ஊழியர் எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அஜாக்கிரதையால் ஒரு கைதி தப்பிவிட்டால், பொறுப்பில் இருந்தவர் மீது பிஎன்எஸ் 261-வது பிரிவில் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கான வழக்கு வரலாம். அதாவது பூட்டுக்கு வெளியே நிற்பவர் உள்ளே போகிற வழியும் சட்டத்தில் இருக்கிறது.

உயிருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. 1999 நவம்பர் 17 அன்று சென்னை மத்திய சிறையில் ஒரு கைதியின் மரணத்தைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. துணை சிறை அலுவலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் இறந்தார்கள். 2024-ல் வந்த 'சொர்க்கவாசல்' படத்துக்கு அடித்தளம் அந்தச் சம்பவம்தான். அந்தச் சிறை இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். புழல் வந்துவிட்டது.

கைதிகளுக்கு உள்ளேயே நடக்கிற மோதலும் காவலர் தலையில்தான் விடியும். 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு விசாரணைக் கைதி, சக கைதிகள் தாக்கியதில் இறந்தார். சிறைப் பணியாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். புதிதாக வருகிறவரை எந்தத் தொகுதியில் யாரோடு வைப்பது என்பது வெறும் இடப் பிரச்னை இல்லை, உயிர்ப் பிரச்னை.

காவலில் ஒரு மரணம் நிகழ்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரணை கட்டாயம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். அந்த நேரத்தில் டியூட்டியில் இருந்தவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி: கடைசியாக அவரை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?

சாதி பார்த்து அடைக்கலாமா?

கூடாது. 'சண்டை வராமல் இருக்கத்தான் பிரித்து வைக்கிறோம்' என்பது தென்மாவட்டச் சிறைகளில் பல காலமாகச் சொல்லப்பட்ட காரணம். சிறைகளில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. சாதியை வைத்து அறை பிரிப்பதும், துப்புரவு வேலையை ஒரு சாதிக்கு, சமையலை இன்னொரு சாதிக்கு என்று கொடுப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. காலையில் வேலை பிரிக்கும்போது "நீ கக்கூஸுக்குப் போ" என்று யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில்தான் இந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வரும், அல்லது வராமல் போகும்.

உங்கள் வீட்டில் ஒருவர் உள்ளே இருந்தால்?

இதைப் படிக்கிற எல்லோரும் வேலை தேடுகிறவர்கள் இல்லை. அதனால் இதையும் சொல்லிவிடுகிறோம். சிறைக் காவலருக்கு ஜாமீன் வாங்கித் தரும் அதிகாரம் கிடையாது, வழக்கைக் குறைக்கவும் முடியாது, வேறு சிறைக்கு மாற்றவும் முடியாது. 'அவரைக் கவனிச்சுக்கிறேன், கொஞ்சம் செலவாகும்' என்று வாசலில் யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். சாப்பாடு, மருத்துவம், மனு பார்ப்பது, வக்கீலைச் சந்திப்பது எல்லாம் உரிமை, அதற்கு விலை இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழு இலவசமாக வக்கீல் தரும். சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் இருக்கும். உதவி எண் 15100. ஆந்திரச் சிறையில் இருப்பவருக்கும் இதே எண்தான், நாடு முழுக்க ஒன்றுதான்.

குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதை நாள் எண்ணிச் சொல்கிற காவலர்களும் இருக்கிறார்கள். சட்டம் படிக்காத மலைக் குடும்பத்துக்கு அது பெரிய உதவி, அதற்கு லஞ்சமும் தேவையில்லை.

குழந்தையோடு இருக்கும் பெண் கைதியாக இருந்தால், 6 வயது வரை குழந்தையைத் தாயோடு வைத்துக்கொள்ளலாம். பெண்கள் பகுதிக்குள் பெண் காவலர்களே இருக்க வேண்டும். அதனால்தான் சிறைக் காவலர் பணியிடங்களில் பெண்களுக்கென்று தனியாக இடங்கள் அறிவிக்கப்படுகின்றன. எண்ணிக்கை ரொம்பக் குறைவு. 2023 அறிவிப்பின் 86 இடங்களில் பெண்களுக்கு வந்தது 3.

அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பத்தில் மூன்று பணிகளையும் விருப்ப வரிசையில் குறிக்கச் சொல்வார்கள். சிறைக் காவலர் என்பதை எந்த இடத்தில் போடுவது என்பது உங்கள் முடிவு. போடுவதற்கு முன்னால் தெரிந்த சிறைக் காவலர் யாராவது இருந்தால் ஒரு முறை பேசிப் பாருங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அது அறிவிப்பிலேயே இருக்கும். கடைசியாக முழு வார ஓய்வு எப்போது கிடைத்தது என்று கேளுங்கள்.